தசரதன் மாஸ்டரின் சாட்சிகள்

விசில் ஊதியும் வெள்ளைக்காரர்கள் கண் திறக்கவில்லை.

தசரதன் மாஸ்டர் கன்னம் உப்ப மறுபடி ஊதினார். பள்ளிக்கூடத்தில் அவர் உடற்பயிற்சி ஆசிரியர். அந்த விசில் சத்தம் கேட்டால் மைதானத்தின் மறுகோடியில் ஓடுகிற பையன்கூடத் தூக்கிய காலைக் கீழே வைக்கமாட்டான். இங்கே அவருடைய சொந்தக் கொல்லையில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்த ஆறேழு பேரில் ஒருத்தருக்கும் இமைகூட அசையவில்லை. காக்கை ஒன்றுதான் மரியாதை தெரிந்து பறந்து போனது.

சொந்தக் கொல்லை என்று சொல்கிறோமே தவிர, அங்கே கொல்லை எங்கே இருந்தது? அடி அண்ணாமலையில் அவர் அப்பா விட்டுப்போன மானாவாரி நிலம் அது. மழை பெய்தால் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுவார். வேங்கிக்காலில் வீடு கட்ட ஆரம்பித்ததில் இருந்து ஒரு வருஷமாக இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. மழை விழுந்திருக்கிறதே, ஏர் ஓட்டிவிடலாம் என்று ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வந்து பார்த்தால், நிலத்தைக் காணோம். வரப்பு இருந்தது. வரப்புக்கு உள்ளே ஒன்றும் இல்லை.

ஆள் இறங்கினால் தலை தெரியாத பள்ளங்கள். ஒரு பள்ளம் குங்குமத்தைக் கொட்டினாற்போல் சிவப்பு. அடுத்தது சுண்ணாம்பு வெளுப்பு. இன்னொன்றில் மழைத் தண்ணீர் தேங்கி மயில் கழுத்து நிறத்தில் மினுக்கியது. சுவரெல்லாம் பொக்லைன் பல் பதிந்த கோடுகள். நடுநடுவே மட்டும் வெட்டாமல் விட்ட மண் தூண்கள், ஒவ்வொன்றும் தலையில் ஒரு பிடி புல்லை வைத்துக்கொண்டு நின்றன. பின்னால் மலை எதுவும் நடக்காதது மாதிரி இருந்தது. எந்தக் கிரகத்துக்கு வந்துவிட்டோம் என்று மாஸ்டருக்கே ஒரு கணம் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. எவனோ மண்ணை வெட்டி லாரி லாரியாக அள்ளிக்கொண்டு போயிருக்கிறான்.

பள்ளத்து ஓரமாக ஜீப்பில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான் கோபி. செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம், டிராவல்ஸ் வைத்திருப்பவன். மாஸ்டரிடம் படித்தவன்தான். அவன் சட்டைக் காலரைப் பிடித்து, யாரைக் கேட்டு இவர்களைக் கூட்டிவந்தாய் என்று கேட்டார்.

"உலகத்துலயே இல்லாத எடமா காட்டுன்னாங்க மாஸ்டர்," என்றான் கோபி, டீ சிந்தாமல். "செஞ்சிக் கோட்டைக்கு இட்டுனு போனேன். கோட்டை எங்க ஊர்லயும் கீதுன்னாங்க. சாத்தனூர் டேமுக்கு இட்டுனு போனேன். இன்னா, முதலையான்னாங்க. இங்க இட்டாந்தேன். அப்படியே உக்காந்துட்டாங்க."

அவர்கள் சாமானியப் பயணிகள் இல்லையாம். சுற்றுலா என்றால் கோயில், குளம் என்று சுற்றுகிற ரகம் இல்லை. கூட்டத்துக்குத் தலைவி மாதிரி இருந்த நெட்டைப் பெண்மணி இங்கிரிட், புகைகிற எரிமலை விளிம்பில் கூடாரம் போட்டுத் தூங்கியவள். வானமும் தரையும் ஒன்றாகத் தெரிகிற உப்புப் பாலைவனத்தைக் கால்நடையாகக் கடந்தவள். அப்பேர்ப்பட்டவள் இந்த இடத்தைப் பார்த்துவிட்டு, பூமியில் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டாளாம். கோபி இதையெல்லாம் தானே தோண்டியது மாதிரி பெருமையாகச் சொன்னான்.

அதற்குள் இங்கிரிட் கண் விழித்து எழுந்து வந்தாள். மண் தூண்களைக் காட்டி, இவை என்ன என்று மெதுவாகக் கேட்டாள்.

மண் வெட்டுகிறவர்கள் எவ்வளவு ஆழம் போனோம் என்று அளப்பதற்காக நடுவில் கொஞ்சம் மண்ணை வெட்டாமல் தூணாக விட்டுவைப்பார்கள். ஏரி வேலைக்குப் போனவர்களைக் கேட்டால் சொல்வார்கள், அதற்குச் சாட்சி என்று பேர். திருட்டு மண் எடுத்தவனும் பழக்க தோஷத்தில் சாட்சியை விட்டுவிட்டுப் போயிருக்கிறான். மாஸ்டருக்குக் கோபத்தில் இங்கிலீஷ் தடுமாறும். கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார்.

"மேடம், திஸ் இஸ் சாட்சி. ஆல் சாட்சி. சாட்சி வில் நாட் லீவ் ஹிம்."

இங்கிரிட்டின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆசிரமத்துப் பக்கம் வாடகைக்கு எடுத்த மாடியில் தினமும் காலையில் வேதாந்த வகுப்பு நடக்கும். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு எதிலும் ஒட்டாமல் உள்ளே நிற்கிறதே, அதுதான் சாட்சி, அதைத் தேடு என்று அங்கே அவளுக்கு மாசக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். உள்ளே தேடித் தேடி அலுத்துப்போயிருந்தாள். அது இங்கே வெளியில், தலையில் புல்லோடு, வரிசையாக நிற்கிறது. சட்டென்று குனிந்து மாஸ்டரின் காலைத் தொட்டாள். மற்றவர்களும் வரிசையில் வந்தார்கள். கோபத்தில் கொதிக்கிற மனிதன் காலில் ஏழு பேர் விழுந்தால் அவன் என்னதான் செய்வான்? காலை இழுத்துக்கொண்டு பக்கத்துக் கொல்லைக்காரனிடம் போனார்.

பக்கத்துக் கொல்லை அன்பரசனுடையது. மாஸ்டருக்குப் பங்காளி முறை. இத்தனை லாரி மண் போகும்போது கண்ணை எங்கே வைத்திருந்தாய் என்று மாஸ்டர் கத்தினார்.

"கேட்டேன்ணா," என்றான் அன்பரசன். "மாஸ்டர் வேலைன்னு சொன்னாங்க. நீதான் சொல்லியனுப்பிச்சேன்னு விட்டுட்டேன்."

மாஸ்டருக்கு மண்டை வெடித்துவிடும்போல் ஆகிவிட்டது. திருடியதும் இல்லாமல் அவர் பெயரைச் சொல்லியே திருடியிருக்கிறான். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள். அந்தப் பயலைக் கண்டுபிடித்து, எடுத்த மண்ணை ஒரு கூடை குறையாமல் திரும்பக் கொட்டவைக்காமல் மீசை வைத்துக்கொள்ளப் போவதில்லை என்று அன்பரசன் முன்னால் சபதம் போட்டார். மாஸ்டரின் மீசை வேங்கிக்கால் வரைக்கும் பிரசித்தம்.

திங்கட்கிழமை மனு நாள். கலெக்டர் ஆபீஸ் அவர் புது வீட்டில் இருந்து நடக்கிற தூரம்தான். மனு கொடுத்தார். அது சுற்றிச் சுற்றி வருவாய் ஆய்வாளர் சக்கரபாணியின் கைக்கு வந்தது. நல்ல மனிதர், நிதானமானவர். நேரில் வந்து அளக்கிறேன் என்றார். ஆனால் ஒன்று சொன்னார். சாட்சி நிற்கவேண்டும். சாட்சி இருந்தால்தான் ஆழம் தெரியும், ஆழம் தெரிந்தால்தான் கேஸ். நான் வருகிற வரைக்கும் ஒருத்தரையும் கிட்டே விடாதீர்கள் என்றார்.

மாஸ்டர் வீட்டுக்கு வந்தார். வீடு என்றால் அப்படி ஒரு வீடு. ஏரிப் பக்கம் தாழ்வான மனை என்று எல்லாரும் பயமுறுத்தினார்கள். அவர் பயப்படவில்லை. செம்மண்ணாகக் கொட்டி, தெருவிலேயே இல்லாத உசரத்துக்கு அடித்தளத்தைத் தூக்கிவிட்டார். ஊரே தண்ணீரில் மிதந்தாலும் தசரதன் வீட்டு வாசற்படி நனையாது. செங்கல், ஜல்லி, மண் என்று எல்லாவற்றையும் அடிமாட்டு விலைக்கு அடித்துப் பேசி வாங்கினவர். புரோக்கர்கள் அவரைக் கண்டால் வேறு தெருவில் போவார்கள்.

சோறு போட்டுக்கொண்டே அவர் மனைவி பொன்னி வேறு ஒரு விஷயம் சொன்னாள். வாசல் ஓரம் மல்லாட்டைச் செடி தானாக முளைத்திருக்கிறதாம். தான் போடவில்லையாம், நீங்கள் போட்டீர்களா என்று கேட்டாள்.

"கொல்லையே போச்சுன்னு நான் எரிஞ்சிட்டிருக்கேன். நீ செடியப் பத்திப் பேசறே," என்று மாஸ்டர் கையை உதறிவிட்டு எழுந்துவிட்டார். அவள் போய் அந்தச் செடிக்கு ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தாள்.

மறுநாள் ஆள் வைத்து சீமைக்கருவேல முள்ளை வெட்டிக் கொல்லையைச் சுற்றி அடைத்தார். ஒரே ஒரு சந்து மட்டும், தான் போய்வர. சாயங்காலம் வந்து பார்த்தால், சந்துக்கு வெளியே வரிசையாகச் செருப்புகள். முள் போட்டிருப்பதால் உள்ளே புனிதமான இடம் என்று முடிவு செய்துவிட்டார்கள். முள் குத்திய காலோடு உள்ளே நொண்டிப் போவதை ஒரு தவமாகவும் எடுத்துக்கொண்டார்கள். முதல் நாள் ஒரு ஜீப், அன்றைக்கு மூன்று ஜீப். பூமியில் இல்லாத பூமிக்குச் சாகசப் பயணம் என்று கோபி காபிக் கடை காபிக் கடையாக விளம்பரத் தட்டி வைத்திருந்தான்.

சரி, இவர்களுக்கு எழுத்தில் சொன்னால்தான் ஏறும் என்று மாஸ்டர் ஒரு பலகை தயார் செய்தார். இங்கே ஒன்றும் இல்லை, எல்லாம் போய்விட்டது, திரும்பிப் போ. இதைத் தானே இங்கிலீஷில் மாற்றி, சிவப்புப் பெயின்டில் எழுதி நட்டார். அதைப் படித்த மாத்திரத்தில் ஒரு தாடிக்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். ஒன்றும் இல்லை, எல்லாம் போய்விட்டது, வந்த வழியே திரும்பு. பத்து வருஷமாகத் தான் தேடியதை மூன்றே வரியில் யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள் என்று கோபியிடம் சொல்லி அழுதாராம். பலகையைச் சுற்றியும் ஒரு கூட்டம் உட்கார ஆரம்பித்தது.

மாஸ்டருக்கு இப்போது கோபம் வார்த்தையைத் தாண்டிவிட்டது. லீவு போட்டார். ஒரு இரும்பு நாற்காலியைக் கொண்டுவந்து பள்ளத்து மேட்டில் போட்டு, கையில் பிரம்போடு, வாயில் விசிலோடு உட்கார்ந்தார். சாட்சியை யாராவது தொடப்போனால் ஊதுவார். பேசினால் இங்கிலீஷ் வராது, கெட்ட வார்த்தைதான் வரும் என்பதால் பேசவில்லை. அது இன்னும் மோசமாகப் போனது. ஒரு விசிலுக்கு எல்லாரும் கண்ணை மூடினார்கள். அடுத்த விசிலுக்குத் திறந்தார்கள். பேசாத சாமி, மூச்சுக்காற்றாலேயே பாடம் நடத்துகிற சாமி என்று செங்கம் ரோடு முழுக்கப் பேச்சு. அவருடைய நாற்காலியடியில் வாழைப்பழமும் ஊதுவத்தியும் சேர்ந்தன. பிரம்பால் தள்ளிவிட்டார். பிரம்பு பட்ட பழத்துக்கு அடிதடி நடந்தது. லீவு போட்டுவிட்டு ஆசிரமம் நடத்துகிறாரா என்று தலைமையாசிரியர் ஆள் அனுப்பிக் கேட்டார்.

பௌர்ணமியும் வந்து தொலைத்தது. மலை சுற்ற வந்த சனம், வெள்ளைக்காரர்களே விழுந்து கும்பிடுகிறார்களே, சக்தி இல்லாமலா என்று பாதையை விட்டு இறங்கி வந்துவிட்டது. விடிந்து மாஸ்டர் வந்தபோது சாட்சிகளுக்கெல்லாம் மஞ்சளும் குங்குமமும் அப்பியிருந்தது. பெரிய சாட்சிக்கு இடுப்பில் துண்டு கட்டியிருந்தார்கள். முள்வேலிச் சந்தில் உண்ணாமலை என்கிற பூக்காரம்மா கற்பூரக் கடையே போட்டுவிட்டாள். மாஸ்டரைப் பார்த்ததும் உரிமையோடு ஒரு முழம் பூவை நீட்டினாள்.

"சாட்சியப்பருக்கு வாங்கிச் சாத்திட்டுப் போ சாமி. நெலத் தகராறுக்கு வேண்டிக்கினா சீக்கிரமா தீருதாம்."

நிலத்துக்குச் சொந்தக்காரனிடமே! மாஸ்டர் பூவைப் பிடுங்கித் தூர எறிந்தார். எறிந்த பூ பெரிய சாட்சியின் தலையில் போய் விழுந்தது. கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது. கும்பிட்டுவிட்டுச் சும்மா போனார்களா? ஆளுக்கு ஒரு பிடி மண்ணைப் பிரசாதம் என்று பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு போனார்கள். திருடன் விட்டுவைத்ததையும் பக்தர்கள் விடவில்லை.

இந்த லட்சணத்தில்தான் வருவாய் ஆய்வாளர் சக்கரபாணி வந்து இறங்கினார். டேப்பும் கையுமாகச் சந்து வரைக்கும் வந்தவர், பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றினார்.

"எதுக்கு சார் கழட்டறீங்க?" என்று மாஸ்டர் வழிமறித்தார்.

சாமி விஷயம், எதற்கு வம்பு என்றார் சக்கரபாணி. மனுவில் விவசாய நிலம் என்று போட்டிருக்கிறீர்கள், இங்கே கோயில் இருக்கிறது, நான் என்னவென்று எழுதுவது என்று தயங்கினார். துண்டு கட்டி நிற்கிற சாமியை டேப்பு வைத்து அளக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

மாஸ்டர் விருட்டென்று திரும்பினார். பள்ளத்தில் குதித்தார். பெரிய சாட்சியின் துண்டை உருவினார். மாலையைப் பிய்த்தார். தோளில் இருந்த தன் துண்டாலேயே மஞ்சளைத் துடைத்தார். டேப்பின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு சாட்சியின் மேலேயே ஏறினார். ஏறுகிற வேகத்தில் ஒரு பக்கம் மண் சரிந்து பொத்தென்று விழ, இங்கிரிட் வாயைப் பொத்திக்கொண்டாள். உண்ணாமலை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். உச்சியில் இருந்த புல்லைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, நாலு பக்கமும் பார்த்து மாஸ்டர் கத்தினார்.

"இது சாமி இல்ல. என் நெலம். எங்கப்பன் ஏரு ஓட்டின மட்டம் இது. மிச்ச நெலம் எங்கன்னு நான் கேக்கறேன், ஒருத்தனும் பதில் சொல்லல. நீங்க என்னடான்னா இருக்கறதுக்கு மால போடறீங்க."

கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது. கோபத்துக்குக் கீழே இவ்வளவு துக்கம் இருந்தது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. மொழி புரியாத கூட்டம்கூடச் சத்தம் காட்டாமல் எழுந்து ஓரமாகப் போய் நின்றது. சக்கரபாணி கீழே இருந்து டேப்பின் மறுநுனியைப் பிடித்தார். அளந்தார், எழுதினார்.

பிறகு மாஸ்டரை இறங்கச் சொல்லி, தண்ணீர் குடிக்கவைத்து, யோசனை சொன்னார். ஆளைக் கண்டுபிடித்து நஷ்டஈடு என்று போடலாம், அதுதான் சுலபம் என்றார். மாஸ்டர் ஒத்துக்கொள்ளவில்லை. எனக்குக் காசு வேண்டாம், மண் வேண்டும் என்றார். எடுத்த மண் எங்கே கிடந்தாலும், அதன் மேல் எவன் வீடு கட்டியிருந்தாலும், வீட்டை இடித்தாவது தோண்டி எடுத்து இங்கே கொட்டவேண்டும் என்று எழுதுங்கள் என்றார். சக்கரபாணி பேனாவை நிறுத்தி, இவ்வளவு கறாராக வேண்டாமே, குடும்பம் குட்டியோடு யாராவது இருப்பார்கள் என்றார்.

"திருட்டு மண்ணுன்னு தெரியாமலா சார் வாங்கியிருப்பான்? கம்மி வெலைக்குக் கெடைக்குதுன்னா எங்கிருந்து வருதுன்னு ஒரு வார்த்த கேக்கணுமா இல்லியா? கேக்காதவன்தான் சார் மொதத் திருடன். எழுதுங்க, அவன் நடுத்தெருவுல நிக்கணும்."

எழுதினார். மாஸ்டர் இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு, சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார். எத்தனையோ நாளுக்குப் பிறகு மீசையை ஒரு முறுக்கு முறுக்கினார்.

இனி ஆள்தான் வேண்டும். சக்கரபாணி கோபியைக் கூப்பிட்டார். ஊரில் யாருக்கும் தெரியாத இந்த இடம் உனக்கு மட்டும் எப்படித் தெரிந்தது என்று சாதாரணமாகக் கேட்டார். கோபி தலையைச் சொறிந்தான். தன் தோஸ்து ஒருத்தன் பொக்லைன் ஓட்டுகிறான், அருணகிரி என்று பேர், நிலா மாதிரி ஒரு இடம் தோண்டிவைத்திருக்கிறேன், வந்து பார் என்று அவன்தான் சொன்னான் என்றான். இத்தனை நாள் ஏன்டா சொல்லவில்லை என்று மாஸ்டர் பிரம்பைத் தூக்கினார். நீங்கள் கேட்கவில்லையே மாஸ்டர், விசில்தானே ஊதினீர்கள் என்றான் கோபி.

ஜீப் போய் அருணகிரியைக் கூட்டிவந்தது. ஒடிசலான ஆள், கையெல்லாம் கிரீஸ். இது ஒருத்தருடைய பட்டா நிலம் என்றே தனக்குத் தெரியாது, கேட்பாரற்றுக் கிடந்த இடம் என்று புரோக்கர் காட்டினார், தோண்டினேன் என்றான். சாட்சி விட்டது கூலி அளக்கத்தானாம். பயந்துபோய்த்தான் இருந்தான். சக்கரபாணி தான் எழுதியதைப் படித்துக் காட்டினார். எங்கே கிடந்தாலும், எவன் வீட்டுக்கு அடியில் இருந்தாலும் என்கிற இடத்தில் அருணகிரி நிமிர்ந்தான். மாஸ்டரை மேலும் கீழும் பார்த்தான். அவர் மீசையில் வந்து கண் நின்றது. பயம் போய், முகத்தில் ஒரு குழப்பம் வந்தது.

"வூட்ட இடிச்சாவது எடுக்கணுமா சார்?"

"இடிச்சாவது," என்றார் மாஸ்டர், சக்கரபாணி வாயைத் திறப்பதற்கு முன்னால். "எவன் வூடா இருந்தாலும்."

அருணகிரி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, கையைத் துடைத்துக்கொண்டு, பணிவாகச் சொன்னான்.

"சரிங்க மாஸ்டர், அப்போ அண்ணிகிட்டச் சொல்லி சாமான்லாம் வெளிய எடுத்து வெக்கச் சொல்லுங்க, இங்க எடுத்த மண்ணு மொத்தமும் வேங்கிக்கால்ல உங்க வூட்டுக்கு அடியிலதான் கெடக்குது."